1748 புதுச்சேரி முற்றுகை: முப்பது கப்பல் வந்தும் ஊர் ஏன் விழல?

புதுச்சேரி வரலாறுனு பேச்செடுத்தா அப்போ பிரெஞ்சு கவர்னரா இருந்த டூப்ளே பேரு வராம இருக்காது. அவரோட பெரிய வெற்றிகள்ல ஒன்னா 1748 முற்றுகைய சொல்லுவாங்க, அதாவது இங்கிலீஷ் கடற்படையோட ரியர் அட்மிரல் எட்வர்ட் பாஸ்கவன் முப்பது கப்பலுக்கு மேல கொண்டுவந்து நிறுத்தியும், ரெண்டு மாசம் ஊரைச் சுத்தி கிடந்தும், பிடிக்க முடியாம கடலூர் பக்கம் திரும்பிப் போன சம்பவம். இதுக்கு வழக்கமா ரெண்டு காரணம் சொல்றாங்க. ஒன்னு டூப்ளேவோட துணிச்சல், இன்னொன்னு மழை. ரெண்டுக்கும் பங்கு இருக்கு, நான் இல்லைனு சொல்லல. ஆனா நாள் கணக்கு போட்டு பாத்தா மழை வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்த முற்றுகை கை விட்டுப் போயிடுச்சு, போன இடம் புதுச்சேரி மதில் கூட இல்ல, தெக்க இருக்கற அரியாங்குப்பம்.

முதல்ல தேதி பத்தி ஒரு விஷயம். அப்போ இங்கிலீஷ்காரங்க பழைய ஜூலியன் காலண்டர்ல இருந்தாங்க, பிரெஞ்சுக்காரங்க புதுசுக்கு மாறிட்டாங்க, ரெண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். அதனால ஒரே சண்டைக்கு புத்தகத்துக்கு புத்தகம் வேற வேற தேதி இருக்கும். இங்க எல்லாமே புது காலண்டர் தேதி, ஏன்னா மழைக்காலம் எப்போனு நம்ம கணக்குல ஒப்பிட அதுதான் சரிப்படும்.

பின்னணிய சுருக்கமா சொல்லிடறேன். ஐரோப்பாவுல ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் நடந்துட்டிருந்த காலம், அதுல இங்கிலீஷ்காரங்களும் பிரெஞ்சுக்காரங்களும் எதிரெதிர் பக்கம். 1746 செப்டம்பர்ல பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே கப்பல் படையோட வந்து சென்னைய பிடிச்சுட்டார். அதுக்கப்புறம் சோழமண்டலக் கரையில இங்கிலீஷ்காரங்களுக்கு மிஞ்சினது கடலூரும் அதை ஒட்டின தேவனாம்பட்டினம் கோட்டையும் தான், அதாவது புனித டேவிட் கோட்டை. டூப்ளே அதையும் விடாம பல தடவை முயற்சி பண்ணார், ஒன்னும் நடக்கல. 1748 ஜூன்ல பிரெஞ்சுப் படை கடலூர் மேல வந்தப்ப அங்க மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் இருந்தார், அந்த வருஷ ஆரம்பத்துல தான் வந்தவர். அவர் ஊரைக் காலி பண்ற மாதிரி பகல்ல பீரங்கி எல்லாத்தையும் கோட்டைக்கு எடுத்துட்டுப் போய், ராத்திரியில சத்தமில்லாம திரும்பக் கொண்டுவந்து வச்சுட்டார். ஊர் காலினு நம்பி ராத்திரி மதில் ஏற வந்தவங்க அடி வாங்கி ஓடினாங்க. இந்த லாரன்ஸ் பேரை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

அதே ஜூன் மாசம் இன்னொன்னும் நடந்துச்சு. பிரெஞ்சுக் கடற்படையச் சேர்ந்த பூவே, கடலூர்ல நங்கூரம் போட்டு நின்ன இங்கிலீஷ் அட்மிரல் கிரிஃபினோட கண்ணுல மண்ணைத் தூவிட்டு சென்னைக்குப் போய் பணத்தையும் சில நூறு வீரர்களையும் இறக்கிட்டு போயிட்டார். அதாவது பாஸ்கவன் வந்து சேர்றதுக்கு சில வாரம் முன்னாடி டூப்ளே கைக்கு காசும் ஆளும் வந்துடுச்சு.

பாஸ்கவன் 1747 நவம்பர்ல இங்கிலாந்துல இருந்து கிளம்பினவர். வயசு 36 தான். கடல் படைக்கும் தரைப் படைக்கும் சேர்த்து ஒரே தளபதியா அவரைப் போட்டு அனுப்புனாங்க, அந்தக் காலத்துல இது ரொம்ப அபூர்வம். கடல்ல அவரோட திறமைய யாரும் குறை சொல்ல முடியாது, பின்னாடி 1759ல லாகோஸ் சண்டையில பிரெஞ்சுக் கப்பல் படையையே அடிச்சு நொறுக்கினவர். ஆனா ஒரு கோட்டைய தரையில இருந்து முற்றுகை போட்டு பிடிக்கிறது தனி வித்தை, அந்த அனுபவம் அவருக்குக் கிடையாது. வர்ற வழியில மொரிஷியஸ பிடிக்கலாம்னு பாத்தார், கரையெல்லாம் பவளப்பாறையும் பீரங்கி மேடையுமா இருந்துச்சு, சில நாள்லயே விட்டுட்டு கிளம்பிட்டார். ஆகஸ்ட் 9 வாக்குல தேவனாம்பட்டினம் வந்து சேர்ந்தார்.

கிரிஃபினோட கப்பல்களும் சேர்ந்தப்ப, இந்தியக் கடல்ல அதுவரைக்கும் எந்த ஐரோப்பிய நாடும் கொண்டுவராத அளவு பெரிய படையா அது ஆயிடுச்சு. தரையில இறங்கினது கிட்டத்தட்ட 3,700 ஐரோப்பியர், அதுல ஆயிரத்துக்கு மேல மாலுமிங்க. கூட 300 தொப்பாசிகள் (போர்த்துகீசியக் கலப்பு வம்சாவளி வீரர்ங்க), 2,000 உள்ளூர் சிப்பாய்ங்க, இவங்களுக்கு சரியான பயிற்சி கிடையாது. நாகப்பட்டினம் டச்சுக்காரங்க 120 பேர் அனுப்புனாங்க, அதுவும் மேல சொன்ன கணக்குலயே வந்துடும். ஆற்காடு நவாப் அன்வருத்தீன் 2,000 குதிரை தர்றேன்னு சொல்லிட்டு கடைசி நேரத்துல 300 அனுப்புனார். உள்ள டூப்ளேகிட்ட சுமார் 1,800 ஐரோப்பியர், 3,000 சிப்பாய். தலை எண்ணிக்கையில பாஸ்கவன் பக்கம் நிச்சயமா பலம் இருந்துச்சு, ஆனா மதிலும் பீரங்கியும் வச்சிருக்கற ஊரை நிதானமில்லாம அடிச்சுப் பிடிக்கற அளவுக்கு இல்ல.

கெடு எவ்வளவு இருந்துச்சு

சோழமண்டலக் கரையில அப்போ துறைமுகமே கிடையாது. புதுச்சேரி, கடலூர், சென்னை எல்லாமே திறந்த கடல், கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும், சரக்கும் ஆளும் மசூலா படகுல அலையத் தாண்டி கரைக்கு வரணும். வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சா, அதாவது ஐப்பசி பொறந்துட்டா, எந்த மாலுமியும் இந்தக் கரையில நிக்க மாட்டான், திருகோணமலைக்கோ அச்சே பக்கமோ போயிடுவாங்க. இது ஏதோ ரகசியம் இல்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி 1746 அக்டோபர் 13, 14ல சென்னைக்கு எதிர்ல வீசின புயல்ல லா பூர்தொனேவோட கப்பல்கள் மூழ்கியும் உடைஞ்சும் போயி, ஆயிரத்துக்கு மேல ஆள் செத்தாங்க. இங்கிலீஷ்காரங்களுக்கும் அது நல்லா தெரியும், அந்தப் புயல் தான் அப்போ அவங்களுக்கு எதிரா இருந்த கப்பல் படையையே முறிச்சுப் போட்டது.

அப்போ பாஸ்கவனுக்கு இருந்தது ஆகஸ்ட் 9ல இருந்து அக்டோபர் நடு வரைக்கும், மொத்தமா அறுபத்தஞ்சு நாள் சொச்சம். அந்த நாளை எப்படி செலவு பண்ணாங்கங்கறது தான் இந்த மொத்த கதையும்.

அரியாங்குப்பத்துல போன நாட்கள்

ஆகஸ்ட் 19 வாக்குல படை கடலூர் பக்கத்துல இருந்து வடக்க கிளம்புச்சு. தூரம் அதிகமில்ல, இருபது கிலோமீட்டர் சொச்சம். புதுச்சேரிக்கு தெக்க ரெண்டு மைல்ல, அரியாங்குப்பம் ஆத்தை ஒட்டி பிரெஞ்சுக்காரங்க ஒரு சின்ன முக்கோணக் கோட்டை வச்சிருந்தாங்க. இன்னைக்கு அரிக்கமேடு பாக்கப் போறவங்க தாண்டிப் போற அதே ஆறு, அதே ஊர்ப்பக்கம் தான். சின்னது தான், ஆனா ஆழமான அகழி, அதுக்கு வெளியில மறைவு நடைபாதை எல்லாம் ஒழுங்கா செஞ்சு வச்சிருந்தாங்க. சுவிட்சர்லாந்துக்காரரான பாரதி தான் புதுச்சேரிக் காப்பு வேலைகளுக்கு மூளையா இருந்த இன்ஜினியர் (நம்ம பாரதியோட குழப்பிக்க வேண்டாம், 1746ல அடையாறு சண்டையில நவாப் மகன் மஹ்ஃபூஸ் கானை ஒரு சின்னப் படையோட தோற்கடிச்சாரே, அந்த லூயி பாரதி).

இத்தனை மாசமா பக்கத்து ஊர்லயே இருந்த இங்கிலீஷ்காரங்களுக்கு இந்தக் கோட்டையப் பத்தி உருப்படியான தகவல் எதுவும் இல்ல. எனக்கு இதுதான் இன்னும் மனசு ஆறாத இடம். கடலூர்ல இருந்து ஒரு ஆளை அனுப்பியிருந்தா அரை நாள்ல போய் பாத்துட்டு வந்திருக்கலாம். ஒரு இன்ஜினியர் எட்ட நின்னு பாத்துட்டு இது பெரிய விஷயமே இல்லனு சொன்னார். எதிர் பக்கத்துல இருந்து ஓடி வந்த ஒருத்தன் உள்ள நூறு பேர் தான் இருக்காங்கன்னான். அதை நம்பி 700 பேரை விடியக்காலையில நேரா மோத அனுப்புனாங்க. ஏணி கூட கையில இல்ல. அகழிக்கு வெளியிலயே நின்னு, மேல ஏற வழியில்லாம, மேல இருந்தும் பக்கத்துல இருந்தும் சுட சுட நின்னாங்க. 150 பேர் செத்தாங்க இல்ல காயம் பட்டாங்க. அதுல மேஜர் குடீர்ங்கற பீரங்கிப் படை அதிகாரியும் ஒருத்தர், படையிலயே முற்றுகை வேலை தெரிஞ்ச சிலர்ல அவர் முக்கியமானவர், அந்தக் காயத்துலயே இறந்துட்டார். ஆழம் தெரியாம காலை விட்டதுக்கு முதல் நாளே குடுத்த விலை அது.

அதுக்கப்புறம் முறைப்படி பீரங்கி வச்சு அடிக்கலாம்னு முடிவு பண்ணாங்க. ராத்திரி முழுக்க மண்ணை வெட்டி, மேடை போட்டு, பீரங்கிய இழுத்து ஏத்தி வச்சாங்க. விடிஞ்சு பாத்தா மேடைக்கும் கோட்டைக்கும் நடுவுல அடர்த்தியா ஒரு தோப்பு. பெரும்பாலான பீரங்கிகளுக்கு கோட்டையே தெரியல. இருட்டுல இடம் குறிச்ச இன்ஜினியர்ங்க பகல்ல அந்த இடத்தைப் போய் பாக்கவே இல்ல, அவ்ளோதான் விஷயம். மறுபடி வேற இடத்துல தோண்டினாங்க.

இதுக்குள்ள பிரெஞ்சுக்காரங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்தும் பீரங்கி வச்சு அடிச்சுட்டு இருந்தாங்க. ஒரு நாள் திடீர்னு அறுபது ஐரோப்பியக் குதிரை வீரர்ங்களும் காலாட்படையும் வெளிய பாய்ஞ்சு வந்து பதுங்குகுழி மேல விழுந்தாங்க. முன்வரிசையில இருந்தது மாலுமிங்க, கப்பல்ல புலி மாதிரி நிக்கறவங்க தான், தரையில குதிரை பாய்ஞ்சு வர்றதைப் பாத்ததும் கலைஞ்சு ஓட, அவங்களப் பாத்து மத்தவங்களும் ஓடுனாங்க. ஓடுறது கேவலம்னு நின்ன லாரன்ஸ் பிடிபட்டார். ரெண்டு மாசம் முன்னாடி கடலூரைக் காப்பாத்தின அதே லாரன்ஸ். குடீரும் போயி லாரன்ஸும் போனதுக்கப்புறம் பாஸ்கவன் பக்கத்துல நின்னு இது தப்பு, இப்படிப் பண்ணக் கூடாதுனு அதிகாரமா சொல்ற அளவுக்கு தரைப்போர் தெரிஞ்ச ஆள் யாரும் இல்ல. இந்த ரெண்டு இழப்பையும் புத்தகங்கள்ல ஒரு வரியில கடந்து போயிடறாங்க, என்னைக் கேட்டா முற்றுகையோட மீதி பாதியில நடந்த ஒவ்வொரு தப்புக்கும் வேர் இங்க இருக்கு.

கடைசியில அரியாங்குப்பம் விழுந்ததும் இங்கிலீஷ்காரங்க திறமையால இல்ல. உள்ள வெடிமருந்து தீப்பிடிச்சு வெடிச்சு, கோட்டையில இருந்தவங்கள்ல நூறு பேர் அளவுக்கு செத்தும் முடமாவும் போனாங்க. மிச்சம் இருந்தவங்க சுவர்களை அவங்களே வெடி வச்சு தகர்த்துட்டு புதுச்சேரிக்குள்ள போயிட்டாங்க. இதோட உடனே வடக்க நகர்ந்திருந்தா கூட சில நாள் மிச்சமாயிருக்கும். பாஸ்கவன் படை என்ன பண்ணுச்சுனா, பிரெஞ்சுக்காரங்க திரும்ப வந்து உக்காந்துக்குவாங்கனு பயந்து, உடைஞ்ச அந்தக் கோட்டைய சரி பண்ண இன்னும் அஞ்சு நாள் அங்கயே இருந்துச்சு. பின்னாடி வர்ற சரக்கு வழிய மறிச்சுடுவாங்கங்கற பயத்துல ஒரு நியாயம் இருக்கலாம், ஆனா அறுபத்தஞ்சு நாள் கெடுவுல வந்தவங்களுக்கு அஞ்சு நாள்ங்கறது பெரிய சொத்து. மொத்தமா பதினெட்டு நாள் கிட்ட இந்த ஒரு சின்னக் கோட்டையில கரைஞ்சு போச்சு. உண்மையில அந்தக் கோட்டைய பிடிக்காமலே ஒரு சின்னப் படைய மட்டும் எதிர்ல நிறுத்தி வச்சுட்டு சுத்திப் போயிருக்கலாம், ஏன்னா அவங்களுக்கு வேண்டிய சாமான் எல்லாம் கப்பல்ல தான் இருந்துச்சு, கப்பலை ஊருக்கு வடக்க கொண்டு போய் நிறுத்தினா தெக்குப் பக்கத்து ரோடு எதுக்கு?

தப்பான பக்கம், தப்பான தூரம்

செப்டம்பர் 6 வாக்குல படை ஊரோட வடமேற்குப் பக்கம் வந்துச்சு. புதுச்சேரிய சுத்தி அப்போ மதிலுக்கு வெளியில ஒரு மைல் தள்ளி ஒரு எல்லைவேலி இருந்துச்சு. கத்தாழை, முள்செடி, நடுநடுவே தென்னை, பனைனு அடர்த்தியா வளர்த்து விட்டது, வடக்க கடல்ல ஆரம்பிச்சு வளைஞ்சு தெக்க அரியாங்குப்பம் ஆறு வரைக்கும் வரும். குதிரை நுழையவே முடியாது, ஆள் நுழையறதும் கஷ்டம். ரோடு வேலியத் தாண்டுற ஒவ்வொரு இடத்துலயும் ஒரு சின்னக் காவல் அரண், பீரங்கியோட. வடமேற்கு அரணை பிரெஞ்சுக்காரங்க பெருசா எதிர்க்காம விட்டுட்டாங்க, அதனால வேலியத் தாண்டுறது சுலபமா முடிஞ்சுது.

இதுக்கப்புறம் எடுத்த முடிவு தான் பெரிய பிழை. பதுங்குகுழிய, அதாவது குண்டு படாம மறைஞ்சு மதில் கிட்ட நகர்றதுக்கான குழிய, மதில்ல இருந்து 1,500 கஜம் தூரத்துல தோண்ட ஆரம்பிச்சாங்க. அந்தக் கால வழக்கம் 800 கஜத்துக்குள்ள ஆரம்பிக்கறது. தூரம் ரெட்டிப்பானா தோண்ட வேண்டிய மண்ணும் ரெட்டிப்பு, நாளும் ரெட்டிப்பு. சரி, தோண்டிக்கிட்டே 800 கஜம் வரைக்கும் வந்தாங்க, அங்க பாத்தா எதிர்ல சதுப்பு நிலம். பிரெஞ்சுக்காரங்க தண்ணிய விட்டு அதை இன்னும் மோசமாக்கி வச்சிருந்தாங்க. அதுக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்க முடியல. அதாவது மத்தவங்க முற்றுகைய ஆரம்பிக்கற தூரத்துல இவங்க முற்றுகை முடிஞ்சு போச்சு.

பக்கமும் தப்பு. வடக்க கடலை ஒட்டின பக்கமா போயிருந்தா கப்பல்ல இருந்து இறக்கற பீரங்கியும் குண்டும் நேரா முகாமுக்கு வந்திருக்கும். வடமேற்குல போனதால கடற்கரையில இறக்கி, மணல்லயும் வயக்காட்டுலயும் மாலுமிங்களே 24 பவுண்டு குண்டு சுடுற பீரங்கிய இழுத்துக்கிட்டு வரணும், வர்ற வழிக்கு காவலும் போடணும். மூவாயிரத்துச் சொச்சம் பேர்ல எத்தனை பேர் சுமக்கறதுலயும் காவல்லயும் போயிருப்பாங்கனு யோசிச்சா தோண்டுறதுக்கு ஏன் இத்தனை நாள் ஆச்சுனு புரியும். கப்பல் படையோட ஒரே பெரிய பலம் கடல் வழியா சுலபமா சப்ளை பண்றது, அந்தப் பலத்தையே விட்டு விலகிப் போய் உக்காந்துட்டாங்க.

குழி தோண்ட ஆரம்பிச்ச மறுநாளே, செப்டம்பர் 11ல, பாரதி 500 ஐரோப்பியரையும் 700 சிப்பாய்களையும் கூட்டிட்டு வெளிய வந்து தாக்கினார். தலையில குண்டு பட்டு விழுந்தார், அப்புறம் இறந்துட்டார். பிரெஞ்சுப் பக்கம் பெரிய அடி அது. அந்தக் குழியில நின்னு சண்டை போட்டவங்கள்ல ராபர்ட் கிளைவ்ங்கற 22 வயசு சின்ன அதிகாரியும் ஒருத்தர், இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனியில கணக்கர் வேலைய விட்டு அப்பதான் படைக்கு வந்தவர். அவர் பேரு முதல்ல வெளிய வந்ததே இந்தத் தோத்துப் போன முற்றுகையில தான்.

இங்க ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாக்கணும். இங்கிலீஷ் பக்கம் குடீர், லாரன்ஸ். பிரெஞ்சுப் பக்கம் பாரதி. ரெண்டு பக்கமும் மூளைய இழந்துச்சு. ஆனா பாரதி செய்ய வேண்டிய வேலைய ஏற்கனவே செஞ்சு முடிச்சுட்டார், மதில், அகழி, வேலி, சதுப்பு எல்லாம் அவர் செத்தாலும் அங்கயே தான் இருக்கு. தாக்க வந்தவங்களுக்கு அப்படி இல்ல, தினம் ஒரு புது முடிவு எடுக்கணும், அதுக்கு ஆள் வேணும். டூப்ளே ராணுவத்தான் கிடையாது, வியாபாரக் கம்பெனி நிர்வாகி தான், இருந்தும் பாரதிக்கு அப்புறம் பாதுகாப்பை அவரே நேரடியா எடுத்து நடத்த முடிஞ்சதுக்குக் காரணம் இதுதான்னு நினைக்கறேன். அவரோட பெரிய பங்கு இந்த ரெண்டு மாசத்துல இல்ல, அதுக்கு முன்னாடி. பிரெஞ்சுக் கம்பெனி டைரக்டர்ங்க 1743ல செலவைக் குறை, கோட்டை வேலைய நிறுத்துனு கடுதாசி போட்டப்ப, அதைக் கேக்காம, தன் சொந்தக் காசையும் போட்டு, திறந்து கிடந்த கடல் பக்கத்தை அடைச்சார் பாருங்க, அது. 1693ல டச்சுக்காரங்க கப்பல்ல வந்து இதே புதுச்சேரிய பிடிச்சு, 1699ல தான் திருப்பிக் குடுத்தாங்க. ஊர் அப்படி ஒன்னும் பிடிக்கவே முடியாத ஊர் இல்ல, நடுவுல அம்பது வருஷம் காசு போட்டு கட்டினதுதான் வித்தியாசம்.

உளவும் அவங்க பக்கம் நல்லா இருந்துச்சு. டூப்ளே மனைவி ழானுக்கு தமிழ் தெரியும், அவங்களுக்குன்னு தனியா ஒற்றர் கூட்டம் வேலை செஞ்சுது. டூப்ளேவோட துபாஷியான (மொழிபெயர்ப்பாளரும் வியாபாரத் தரகரும்) ஆனந்தரங்கப் பிள்ளைக்கும் அந்தம்மாவுக்கும் ஆகவே ஆகாது, அது தனிக் கதை. பிள்ளை இந்த முற்றுகை நாட்கள் முழுக்க ஊருக்குள்ளயே இருந்து தமிழ்ல டைரி எழுதிட்டு வந்தார். ஊருக்குள்ள இருந்த நம்ம ஜனங்க என்ன பாடு பட்டாங்கனு தெரிய நமக்கு இருக்கற பெரிய சாட்சியே அவர் தான், அதுல ரொம்ப வலிக்கிற பதிவு வேதபுரீஸ்வரர் கோவில் இடிப்பு. செப்டம்பர் 7, 8 வாக்குல, எதிரிக் குண்டு விழ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, முற்றுகைய சாக்கா வச்சு பிரெஞ்சு நிர்வாகமே ஆளும் கடப்பாரையுமா அனுப்பி சிவன் கோவிலை இடிச்சுது. பக்கத்துலயே சர்ச் வச்சிருந்த யேசு சபைப் பாதிரிங்க ரொம்ப வருஷமா கேட்டுட்டு இருந்தது, சண்டை நேரத்துல நடந்துடுச்சு. இப்போ மிஷன் வீதியில சம்பா கோவில் இருக்கற பக்கம் தான் அந்தப் பழைய கோவில் இருந்துச்சு, இன்னைக்கு ஈஸ்வரன் கோவில் வீதியில இருக்கறது அப்புறமா கட்டினது. டூப்ளே ஊரைக் காப்பாத்தினார்னு எழுதுறவங்க இந்த வரியையும் சேர்த்து எழுதணும். யாருக்காக காப்பாத்தினாருங்கற கேள்வி அதுல தான் இருக்கு.

கப்பல்கள் என்ன பண்ணுச்சு

அக்டோபர் முதல் வாரத்துல தான் இங்கிலீஷ் பீரங்கி மேடைகள் தயாராச்சு. 18, 24 பவுண்டு பீரங்கிகள் ஒரு டஜன் சொச்சம், அதோட குண்டு எறியற மோர்ட்டார்கள். குழி தோண்ட ஆரம்பிச்சதுல இருந்து எண்ணினா இருபத்தஞ்சு நாளுக்கு மேல. அதுக்குள்ள இங்க எங்க மேடை வருதுனு தெரிஞ்சு பிரெஞ்சுக்காரங்க அதே பக்கம் மதில்ல இன்னும் அதிகமா பீரங்கி ஏத்திட்டாங்க. சுட ஆரம்பிச்சப்ப வெளிய இருந்து போன குண்டை விட உள்ள இருந்து வந்த குண்டு தான் ஜாஸ்தி. சில நாள்லயே முற்றுகைப் பீரங்கிகள்ல ஒன்பது முறிஞ்சு விழுந்துச்சு.

தரையில வேலைக்காகலனு தெரிஞ்சதும் கப்பல்களை முன்னாடி கொண்டுவரச் சொன்னார் பாஸ்கவன். வெளிய இருந்து பாக்கறவங்க நினைப்பு என்னன்னா, இத்தனை கப்பல், ஒவ்வொன்னுலயும் அம்பது அறுபது பீரங்கி, வரிசையா நின்னு ஒரே நேரத்துல சுட்டா ஊர் தூளாயிடும்னு. இந்தக் கரையில அது நடக்காது. புதுச்சேரிக் கடல் மணல் தரை, மெதுவா சரிஞ்சு போகும், ரொம்ப தூரத்துக்கு ஆழம் கம்மி. பெரிய போர்க்கப்பல் மிதக்க இருபது அடி தண்ணியாவது வேணும். கயிறு போட்டு இழுத்து இழுத்து கிட்ட கொண்டுவந்தும் மதில்ல இருந்து ஆயிரம் கஜத்துக்குப் பக்கத்துல தான் வர முடிஞ்சுது. அந்தத் தூரத்துல, அலைக்கு ஆடிக்கிட்டே இருக்கற கப்பல்ல இருந்து சுடுற குண்டு எங்க விழும்னு யாருக்கும் தெரியாது, விழுந்தாலும் கல் மதிலை உடைக்கிற வேகம் மிஞ்சாது. கரையில இருந்தவங்களுக்கோ ஆடாத தரை, நூறு பீரங்கி கிட்ட கடல் பக்கத்துல மட்டுமே இருந்துச்சு. அந்த மொத்த சுடலுக்கும் ஊருக்குள்ள செத்தது தெருவுல போய்ட்டிருந்த ஒரு ஏழைக் கிழவி மட்டும்தான்னு பிரெஞ்சுக்காரங்க சொன்னாங்க. பேரு கூட யாரும் எழுதி வைக்கல. ஐரோப்பாவுல எங்கயோ நடந்த வாரிசுச் சண்டைக்கும் அந்தம்மாவுக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சா தாங்கல.

கடல் படைய வச்சு ஊரைப் பிடிக்கறதுல இருக்கற அடிப்படைச் சிக்கல் இதுல நல்லா தெரியுது. கப்பலால ஊரைக் கடல் பக்கம் அடைக்க முடியும், படைக்கு சாப்பாடும் குண்டும் குடுக்க முடியும். மதிலை உடைக்க முடியணும்னா ஆழமான தண்ணி வேணும். பாஸ்கவன் முதல் ரெண்டையும் சரியா பயன்படுத்தல, மூணாவது முடியவே முடியாத இடத்துல முயற்சி பண்ணார்.

அதுக்குள்ள மழை வந்துடுச்சு. புரட்டாசிக் கடைசியில பிடிச்ச மழை குழியெல்லாம் நிரப்பிடுச்சு, சதுப்புல இருந்த முகாம்ல காய்ச்சலும் வயித்துப்போக்கும் பரவுச்சு, கப்பல்களும் சீக்கிரம் கரையை விட்டுப் போயாகணும். போர்ச் சபை கூடி முற்றுகைய விடுறதுனு முடிவாச்சு. பீரங்கிய கப்பல்ல ஏத்திட்டு, அக்டோபர் நடுவுல, ஐப்பசி பொறந்த கையோட, படை தேவனாம்பட்டினம் திரும்புச்சு. இங்கிலீஷ் பக்கம் 757 தரைப்படை வீரர்ங்க, 43 பீரங்கிக்காரங்க, 265 மாலுமிங்க, ஆக ஐரோப்பியர்ல மட்டும் 1,065 பேர் போயிட்டாங்க, சண்டையில செத்தவங்களும் நோயில செத்தவங்களும் சேர்த்து. பிரெஞ்சுப் பக்கம் 200 ஐரோப்பியர், 50 சிப்பாய்ங்கனு கணக்கு.

இப்போ கூட்டிப் பாருங்க. வந்து இறங்கி கிளம்ப பத்து நாள், அரியாங்குப்பத்துல பதினெட்டு, தூரத்துல இருந்து தோண்டினதுல இருபத்தஞ்சுக்கு மேல. மதிலை அடிக்க மிஞ்சினது பத்து நாள் கூட இல்ல, அதுவும் மழையில. அரியாங்குப்பத்தை ஓரம் கட்டிட்டு, வடக்க கடலோரமா 800 கஜத்துல தோண்ட ஆரம்பிச்சிருந்தா செப்டம்பர் முதல் வாரத்துலயே பீரங்கி பேச ஆரம்பிச்சிருக்கும், கையில ஒரு மாசத்துக்கு மேல காஞ்ச நாள் இருந்திருக்கும். அப்பவும் விழுந்திருக்குமானு அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா மழை மேல பழி போட வேண்டி வந்திருக்காது. மழை வருஷா வருஷம் அதே மாசத்துல தான் வருது.

இன்னொரு கொடுமை என்னன்னா, பாஸ்கவன் இந்தியா வந்து சேர்றதுக்கு முன்னாடியே, 1748 ஏப்ரல் கடைசியில, எக்ஸ்-லா-ஷபேல்ல (இன்னைய ஜெர்மனியில இருக்கற ஆகென் ஊர்) சமாதானத்துக்கான முன் ஒப்பந்தம் கையெழுத்தாயிடுச்சு. முழு உடன்படிக்கை அக்டோபர் 18ல, கிட்டத்தட்ட முற்றுகைய விட்ட அதே வாரம். செய்தி இங்க வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அந்த உடன்படிக்கைப்படி வட அமெரிக்காவுல லூயிபூர் கோட்டை பிரெஞ்சுக்காரங்களுக்குப் போக, பதிலுக்கு 1749ல சென்னை இங்கிலீஷ்காரங்களுக்குத் திரும்ப வந்துச்சு, வாங்கிக்கிட்டது பாஸ்கவனே. அதுக்கு நடுவுல ஏப்ரல் புயல்ல அவரோட கொடிக்கப்பல் நாமூர் 500க்கு மேல ஆட்களோட கடலூர் பக்கம் மூழ்கிடுச்சு, அவர் அப்போ கரையில இருந்ததால தப்பிச்சார்.

டூப்ளே வெற்றிய நாடு பூரா கடுதாசி எழுதி பரப்பினார். தென்னாட்டு ராஜாக்கள், நவாப்கள் மத்தியில பிரெஞ்சுக்காரங்க தான் பலசாலிங்கற பேரு நின்னுடுச்சு, அடுத்த வருஷமே ஆற்காடு நவாப் பதவிக்குப் போட்டி போட்ட சந்தா சாகிப் அவங்களோட சேர்ந்து ஆம்பூர்ல அன்வருத்தீனை வீழ்த்தற அளவுக்குப் போச்சு. கர்நாடகப் போர்களோட அடுத்த கட்டம் இங்க இருந்து தான் கிளம்புது.

பன்னெண்டு வருஷம் கழிச்சு இங்கிலீஷ் தளபதி அயர் கூட் வந்தப்ப வேற மாதிரி பண்ணார். 1760ல சுத்தி இருக்கற ஊர்களை எல்லாம் ஒவ்வொன்னா முதல்ல பிடிச்சு, கடல்லயும் தரையிலயும் சாப்பாட்டை அடைச்சுட்டு, மதில் கிட்ட அவசரப்படாம உக்காந்தார். மழைக்காலம் முழுக்க படைய அங்கயே வச்சிருந்தார். 1761 புது வருஷத்தன்னைக்கு அடிச்ச புயல்ல அவருக்குத் துணையா நின்ன கப்பல்கள்ல பல மூழ்கி, ஆயிரத்துக்கு மேல ஆள் செத்தும் முற்றுகை கலையல. உள்ள பிரெஞ்சுத் தளபதி லாலி கையில தின்ன எதுவும் இல்ல, ஜனவரி நடுவுல சரணடைஞ்சார்.